மதினிக்கு ஒன்று, எனக்கு ஒன்று

மதினிக்குப் பனிக்குடம் உடைந்த காலையில் எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதற்கு முந்தைய நான்கு மாதமாகவே கிடையாது.

காரணம் இதுதான். மதினியின் தம்பிக்கு என்னைப் பெண் கேட்டார்கள். ஆண்டிபட்டியில் தறி ஓட்டுகிறவர். குணமானவர், குடி, சீட்டு எதுவும் கிடையாது. எனக்கு என்னமோ மனம் ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு மதினி வாயைப் பூட்டிக்கொண்டவள்தான். அம்மா அப்பா இல்லாத எங்கள் வீட்டில் இருந்ததே மூன்று பேர். அதில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் மூன்றாவது ஆளுக்குத்தான் வேலை அதிகம். "ஒங்க தங்கச்சியச் சாப்பிடச் சொல்லுங்க" என்று மதினி அண்ணனைப் பார்த்துச் சொல்வாள். நான் பக்கத்திலேயே தட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. அனுமந்தன்பட்டியிலிருந்து தினமும் உத்தமபாளையம் போய் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துவந்தேன். அண்ணன் ஜீப் ஓட்டினான். விடியும் முன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாக மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போவான். அவர்கள் ஏலப்பழம் எடுத்து முடித்ததும் சாயங்காலம் இறக்கிக் கொண்டுவந்து விடுவான். மலையேறிவிட்டால் அவன் செல்போனுக்கு உயிர் இருக்காது.

மதினிக்கு வயிற்றில் இரண்டு பிள்ளைகள். ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். கணக்குப்படி பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

நான் வேலைக்குக் கிளம்பித் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் குடம் கவிழ்ந்தது மாதிரி சத்தம். போய்ப் பார்த்தால் குடம் நிமிர்ந்துதான் இருக்கிறது. மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சேலை நனைந்து, காலடியில் தண்ணீர் பரவிக்கொண்டிருக்கிறது. அவள் என்னைப் பார்த்தாள். கூப்பிட வாய் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள். அந்த நேரத்திலும் வீம்பு!

எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. பாதிப் பின்னலோடு எதிர்வீட்டுக்கு ஓடினேன். எதிர்வீட்டு மாமா மினி வேன் வைத்திருந்தார். அன்றைக்கு அறுத்த திராட்சையைப் பெட்டி பெட்டியாக அதில் ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "ஏலே, எல்லாத்தையும் எறக்குங்கடா, வெரசா!" என்று ஆட்களிடம் கத்தினார். ஐந்து நிமிஷத்தில் வேன் காலியாகிவிட்டது. பாயும் தலையணையும் போட்டு மதினியை ஏற்றினோம். வேன் முழுக்கப் பன்னீர்த் திராட்சை வாசம்.

உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு வெளியே வந்தார்.

"கர்ப்பப்பை வாய் ரெண்டு விரல்தான் திறந்திருக்கு. முதல் பிரசவம், நேரம் இருக்கும். ஆனா இது ரெட்டைக் குழந்தை, மாசமும் நிறையல. தேனிக்கு அனுப்பிடறேன். அங்கதான் சின்னக் குழந்தைகளுக்குத் தனி வார்டு இருக்கு."

பிள்ளைகளின் நுரையீரல் கெட்டிப்பட ஒரு ஊசி போட்டார்கள். ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றி, துணைக்கு ஒரு நர்ஸையும் அனுப்பினார்கள். நர்ஸ் என் கைக்கடிகாரத்தைக் காட்டி, "வலி எப்ப ஆரம்பிக்கிது, எப்ப முடியிது, குறிச்சிக்கிட்டே வா" என்றார். கைப்பையில் பழைய ரசீது ஒன்று இருந்தது. அதன் முதுகில் எழுதத் தொடங்கினேன். சின்னமனூரில் பத்து நிமிஷத்துக்கு ஒரு வலி. வீரபாண்டி தாண்டும்போது ஏழு நிமிஷத்துக்கு ஒன்று. தேனி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் வண்டி நின்றபோது ஐந்து நிமிஷம். எனக்குப் பயமா குஷியா என்று தெரியாத ஒரு துடிப்பு. பரீட்சையில் வினாத்தாள் கொடுக்கும் நேரத்தில் வருமே, அது. இரண்டு பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்கள் வருகிற நேரத்தை என் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்!

அந்த நெரிசலில்தான் மதினி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏத்தா, கைய விட்றாத."

நான்கு மாதத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. "விடமாட்டேன் மதினி" என்றேன். பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு எழுதியது ஒன்றும் படிக்கிற மாதிரி இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி தேனியைத் தாண்டி, ஆண்டிபட்டி போகிற ரோட்டில் இருந்தது. பிரசவ வார்டு வாசலில் சிஸ்டர் ஒருவர் எங்களை நிறுத்தினார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டவர்.

"கூட இருக்கிறதுக்கு ஒரு பொம்பள ஆளு உள்ள வரலாம். அம்மா வரலையா?"

மதினியின் அம்மாவைப் பற்றி அப்போதுதான் நினைவு வந்தது. அத்தைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ஆனால் பிறகு தெரிந்தது: மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அத்தை அன்றைக்குக் காலையில்தான் ஆண்டிபட்டியில் பஸ் ஏறியிருக்கிறார். அவர் மேற்கே போக, நாங்கள் கிழக்கே வந்திருக்கிறோம். வழியில் எங்கோ எங்கள் வண்டியும் அவர் பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்க வேண்டும்.

"நான்தான் இருக்கேன்" என்றேன்.

"நீ யாரு? கல்யாணம் ஆயிருச்சா?"

"நாத்தனா. இன்னும் ஆகல."

சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பயந்து மயங்கி விழுந்தேன்னா ஒன்னத் தூக்க இங்கன ஆளு கெடையாது. சரி, கைகால் கழுவிட்டு வா."

வலி எடுத்தவுடன் கத்திப் பெற்றுவிடுவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மதினியை இடதுபுறமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். வலி வருவதும் போவதுமாக மணிக்கணக்கில் போயிற்று. சிஸ்டர் அவ்வப்போது வந்து வயிற்றில் கை வைத்துப் பார்ப்பார். ஒரு சின்னக் கருவியை வைத்து இரண்டு பிள்ளைகளின் இதயத் துடிப்பையும் கேட்பார். குதிரை ஓடுவது போல டக்கடக் டக்கடக் என்று சத்தம் அறை முழுக்கக் கேட்கும். கருவியை நகர்த்தி வைத்தால் இன்னொரு குதிரை. எனக்கு மயிர் சிலிர்த்தது.

"இது மொதக் கட்டம். வாய் தெறக்கிற கட்டம். இதுக்குத்தான் பொறும வேணும்" என்று சிஸ்டர் எனக்குச் சொன்னார். "இடுப்ப நல்லா அமுத்தித் தேச்சு விடு. வலி போனதும் தண்ணி ரெண்டு மடக்குக் குடு. வேற ஒண்ணும் ஒனக்கு வேல இல்ல."

தேய்த்தேன். ஜெராக்ஸ் கடையில் காகிதக் கட்டு தூக்கிப் பழகிய கை அன்றைக்கு உதவியது. ஒரு மணி வாக்கில் வலி இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒன்றாகிவிட்டது. மதினிக்கு உடம்பு நடுங்கியது. திடீரென்று எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"நான் வீட்டுக்குப் போறேன். என்னயப் பஸ் ஏத்திவிடு."

"மதினி, இப்பப் போக முடியாது."

"ஏன் முடியாது? நாளைக்கு வந்து பெத்துக்கிறேன்."

சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது. சிஸ்டர் தலையைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வலி வந்து போனது. மதினி மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"எந்தம்பிக்கி என்ன கொறச்ச?"

அந்த இடத்தில், அந்த நேரத்தில் அதை எதிர்பார்க்கவில்லை. "ஒரு கொறச்சலும் இல்ல மதினி. அவுக நல்லவுகதான். எனக்குத்தான் பிடிக்கல."

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்ல."

"ஒங்கண்ணங்கிட்டச் சொன்ன. எங்கிட்டச் சொல்லல. வெந்த சோத்தப் பங்கு போட்டுத் திங்கிறோம், இத எங்கிட்டச் சொல்ல ஒனக்கு வாய் வரல, இல்ல?" அடுத்த வலி வந்துவிட்டது. என் கையை நொறுக்குவது போலப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்தாள். "எவ்வளவு வெசனப்பட்டேன் தெரியுமா?"

எனக்கு உறைத்தது. அவளுக்கு வருத்தம் நான் மறுத்ததில் இல்லை. அவளைத் தாண்டிப் போய்ச் சொன்னதில்தான்.

"தப்புத்தான் மதினி. மன்னிச்சிருங்க."

"சரி, சரி. தேய்யி. இன்னுங் கொஞ்சம் கீழ."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிஸ்டர் சொன்னார்: "பஞ்சாயத்து முடிஞ்சுதா? முடிஞ்சா காலத் தூக்கி வைங்க, பாப்போம்." பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "வாய் முழுசாத் தெறந்துருச்சு. டாக்டரம்மாவக் கூப்பிடுங்க!"

அந்த நிமிஷத்திலிருந்து அந்த அறையே வேறு அறையாகிவிட்டது. டாக்டரம்மா வந்தார், இன்னும் இரண்டு நர்ஸுகள் வந்தார்கள், மேலே விளக்கு எரிகிற இரண்டு சின்னக் கட்டில்களை உருட்டி வந்து சூடு போட்டு வைத்தார்கள். துண்டுகள், பஞ்சு, கத்தரி எல்லாம் வரிசையாக வந்தன. இரண்டாவது கட்டம் என்றார்கள். இனிமேல் தள்ளுகிற வேலை.

"வலி வரும்போது மட்டும் முக்கு. வலி இல்லாதப்ப முக்காத, ஓய்வெடு" என்றார் டாக்டரம்மா.

மதினியின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முக்கும்போது நானும் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினேன். "நீ எதுக்கும்மா முக்குற?" என்று ஒரு நர்ஸ் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

"முடி தெரியுது! இந்தா, தல வந்துருச்சு. இப்ப முக்காத, வாயால ஊது, ஊது..."

தலை, பிறகு ஒரு தோள், பிறகு வழுக்கிக்கொண்டு முழு உடம்பும். ஈரமாக, மாவு பூசினாற்போல, கைகால்களை உதறிக்கொண்டு ஒரு பெண் பிள்ளை. ஒரு நொடி அமைதி. அடுத்த நொடி 'ங்ஙா' என்று அழுதாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பும் நிற்கவில்லை. மதினியின் வயிற்றின் மேல் துண்டில் கிடத்தி, துடைத்து, தொப்புள்கொடியைக் கவ்வி போட்டு வெட்டினார்கள்.

"ஒண்ணு முடிஞ்சுது" என்றார் டாக்டரம்மா. வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்துத் தடவியவர் முகம் மாறியது. "ரெண்டாவது குறுக்கால படுத்திருக்கு."

வலியும் நின்றுவிட்டது. சிஸ்டர் கருவியை வைத்துக் குதிரைச் சத்தத்தைக் கேட்டபடியே இருக்க, டாக்டரம்மா மேலிருந்தே மெதுவாக, மாவு உருட்டுவது மாதிரி, பிள்ளையைத் திருப்பினார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மயங்கி விழுந்தால் தூக்க ஆளில்லை என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை நேராக வந்தது, ஆனால் தலை கீழே வரவில்லை, கால்தான் வந்தது. மறுபடி வலி எடுத்தது. மதினியிடம் தெம்பே இல்லை.

"இன்னொருக்கா மதினி. ஒரே ஒருக்கா."

"முடியலடி."

"முடியும். ஒண்ணு வந்துருச்சுல்ல, அது தனியா என்ன பண்ணும்? தொணைக்கு ஆள அனுப்புங்க!"

அவள் எங்கிருந்துதான் அந்த மூச்சை எடுத்தாளோ! இரண்டு கால்கள், இடுப்பு, கைகள், கடைசியாகத் தலை. டாக்டரம்மாவின் கைகள் அந்தச் சின்ன உடம்பைத் தாங்கி எடுத்தன. இதுவும் பெண். முதலாவதைவிடச் சின்னது, நீலம் பாரித்திருந்தது. அழவில்லை.

உடனே விளக்குக் கட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். துடைத்தார்கள், முதுகைத் தேய்த்தார்கள், உள்ளங்காலைச் சுண்டினார்கள். மூக்கும் வாயும் மூடுகிற சின்ன மூடியை வைத்து, ரப்பர்ப் பையை விரலால் அமுக்கி அமுக்கிக் காற்று கொடுத்தார்கள். மார்பு ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. "அழுவலையே, அழுவலையே" என்று மதினி கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் மூத்தவள் வீறிட்டுக்கொண்டிருந்தாள். அரை நிமிஷம் இருக்கும். எனக்கு அது ஒரு முழுப் பகல். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று. அப்புறம் நிஜமான அழுகை! நீலம் போய் நெஞ்சில் சிவப்பு ஏறியது, பிறகு முகத்தில், கடைசியாகக் கைகால்களில். ஒரு உடம்புக்குள் உயிர் பரவுவதை என் கண்ணால் பார்த்தேன். சிஸ்டர் என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "விழுவேன்னு பாத்தேன். நின்னுட்ட!"

அத்தோடு முடியவில்லை. மூன்றாவது கட்டம் இருக்கிறது என்றார்கள். நச்சுக்கொடி வெளியே வரவேண்டும். அது வந்ததும் டாக்டரம்மா முழுசாக இருக்கிறதா என்று விரித்துப் பார்த்தார். ரத்தப்போக்கு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஊசி போட்டு, அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். "கர்ப்பப்பை பந்து மாதிரிக் கெட்டியாகணும். அப்பத்தான் ரத்தம் நிக்கும்" என்று சிஸ்டர் என் கையை எடுத்து அங்கே வைத்துக் காட்டினார். கெட்டியாகத்தான் இருந்தது.

மூத்தவள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிராம். இளையவள் ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது.

வெளியே வந்து காசு போடுகிற போனில் எதிர்வீட்டு மாமாவுக்குச் சொன்னேன். அவர் கம்பம் மெட்டில் அண்ணன் ஜீப் நிற்கும் டீக்கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் மலையாளத்துக்காரர். பெண்களை ஏற்றிக்கொண்டு அண்ணன் வந்து நின்றதும் கடைக்குள்ளிருந்தே அவர், "ரெண்டு பெண்குட்டி! ரெண்டு பெண்குட்டி!" என்று கத்தியிருக்கிறார். ஜீப்பில் இருந்த ஓர் அக்கா, "யாரு வீட்டு ஆட்டுக்கு?" என்று கேட்க, ஜீப்பே குலுங்கியதாம். அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டானாம். அழுகிறானா சிரிக்கிறானா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஒவ்வொருத்தரையும் வீட்டில் இறக்கிவிட்டுவிட்டு, ஏலக்காய் வாசத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். யாரோ ஓர் ஆள் வராந்தாவில், "ரெண்டுமே பொட்டப் புள்ளயா?" என்று இழுத்தார். "ஆமாங்க, ரெண்டுமே!" என்று அண்ணன் அவர் கையில் ஒரு லட்டைத் திணித்தான்.

அனுமந்தன்பட்டிக்குப் போய்த் திரும்பி வந்திருந்த அத்தை கையில் சீனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றார். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைக்கவேண்டும் என்று அவருக்கு. சிஸ்டர் கிண்ணத்தைப் பார்த்ததும் குறுக்கே வந்துவிட்டார்.

"சீனித் தண்ணி, தேன், கழுதப்பாலு எதுவும் கூடாது. தாய்ப்பால் மட்டும்தான். மொதல்ல மஞ்சளா வருது பாருங்க சீம்பாலு, அதான் மருந்து. குளிப்பாட்டவும் கூடாது. தொப்புள்ல எதையும் வைக்கக் கூடாது."

"எம் மகளுக்கெல்லாம் வச்சோமே" என்றார் அத்தை.

"ஒங்க மக மூணு கிலோ பொறந்திருப்பா. இதுக பூ மாதிரி. சூடுதான் இதுகளுக்கு உசுரு."

அத்தை கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டார். பிறகு அந்தச் சீனித் தண்ணீரை எனக்குக் கொடுத்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தேன். ஒரே மூச்சில் குடித்தேன்.

சூடு போட்ட கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த பிள்ளைகளுக்கு உறிஞ்சத் தெம்பு வரவில்லை. பாலைப் பீய்ச்சி, மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் எடுத்து, சொட்டுச் சொட்டாக வாயோரம் விட்டோம். மூன்றாம் நாள் இரண்டு பேருக்கும் உடம்பு மஞ்சளாகிவிட்டது. கண்ணைத் துணியால் கட்டி நீல விளக்குக்கு அடியில் இரண்டு நாள் கிடத்தினார்கள். மஞ்சள் இறங்கியது. அதற்குப் பிறகுதான் சிஸ்டர் அந்தப் பேச்சை எடுத்தார்.

"இனி பெட்டிச் சூட்ட விட ஒடம்புச் சூடுதான் நல்லது. கங்காரு வயித்துல குட்டிய வச்சிருக்கும்ல, அது மாதிரி. துணி இல்லாம நெஞ்சோட நெஞ்சா வச்சுக் கட்டிக்கணும். எத்தன மணி நேரம் வச்சிருக்கீங்களோ அவ்வளவு நல்லது. புள்ள ரெண்டு, தாய் ஒருத்தி. இன்னொரு ஆளு வேணும்."

அத்தைக்கு இருமல் இருந்தது, கூடாது என்றுவிட்டார் சிஸ்டர். அண்ணன் பெண்கள் வார்டுக்குள் தங்க முடியாது. சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"சளி, காச்சல், தோல்ல சொறி கிறி ஏதாச்சும்?"

"இல்ல."

"குளிச்சிட்டு முன்பக்கம் தெறக்கிற சட்ட போட்டுட்டு வா."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கல்யாணமாகாத பெண், வார்டு முழுக்கப் பிள்ளை பெற்றவர்களுக்கு நடுவில் சட்டையைத் திறந்து பிள்ளையை வைத்துக்கொள்வதா? "கூச்சமா இருந்தா வேணாம்த்தா" என்றாள் மதினி. ஆனால் அவள் கண் கெஞ்சியது. நான் குளிக்கப் போய்விட்டேன்.

பிள்ளைகளைச் சுற்றிக் கட்டத் துணி வேண்டும் என்று மதினியின் தம்பிக்குத் தகவல் போயிற்று. அவர் தன் தறியில் நெய்த புது வேட்டி இரண்டைக் கொண்டுவந்தார். "புதுத் துணி கஞ்சி போட்டிருக்கும், ஆகாது, பழைய சேலதான் வேணும்" என்று சிஸ்டர் திருப்பி அனுப்பினார். பாவம், அந்த வெயிலில் ஆண்டிபட்டிக்குத் திரும்பிப் போய், அத்தையின் பழைய நூல் சேலை நான்கைத் துவைத்து உலர்த்தி எடுத்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, "பத்துமா?" என்று கேட்டார். "பத்தும். ரொம்ப நன்றிங்க" என்றேன். எங்களுக்குள் இருந்த சங்கடம் அத்தோடு தீர்ந்தது. அடுத்த வருஷம் அவர் கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன்.

மூத்தவள் மதினிக்கு. இளையவள் எனக்கு. தலையில் குல்லா, இடுப்பில் துணி, மற்றபடி வெறும் உடம்பு. என் நெஞ்சுக்கு நடுவில் தவளைக் குட்டி மாதிரி கைகால்களை மடக்கி வைத்து, தலையை ஒருபக்கமாகத் திருப்பி, பழைய சேலையால் சுற்றிக் கட்டினார் சிஸ்டர். முதலில் ஒரு குளிர்ச்சி. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் சூடும் ஒன்றாகிவிட்டது. அவள் இதயம் என் எலும்பில் டிக்டிக்டிக் என்று அடித்தது. என் இதயம் அதற்குப் பதிலாக டொம் டொம் என்று அடித்தது. கூச்சம் எங்கே போனதோ தெரியாது. பக்கத்துக் கட்டில் பெண், "ஒனக்கு எத்தினியாவது புள்ளம்மா?" என்று கேட்டாள். "மொதோ புள்ள" என்று பதில் சொல்லிவிட்டேன்! மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தையல் வலிக்கிறது என்று அதற்கும் என்னைத் திட்டினாள்.

எட்டாம் நாள் மதியம். வார்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் நெஞ்சில் இருந்தவளின் மூச்சுக்காற்று கழுத்தில் படுவது நின்றுவிட்டது. அசைவில்லை. குனிந்து பார்த்தேன். உதட்டைச் சுற்றிக் கறுப்படித்தது போல இருந்தது. சிஸ்டர் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்: "மாசம் நெறையாத புள்ள சில நேரம் மூச்சு விட மறந்துரும். நீதான் ஞாபகப்படுத்தணும்." கை தானாகச் சேலைக்குள் போய் அவள் உள்ளங்காலைச் சுண்டியது. ஒன்று. இரண்டு. "சிஸ்டர்!" என்று கத்திக்கொண்டே மூன்றாவது முறை சுண்டி, முதுகைத் தேய்த்தேன். ஒரு பெரிய மூச்சை இழுத்தாள் பாருங்கள்! இழுத்துவிட்டு, எதற்கு எழுப்பினாய் என்பது போல முகத்தைச் சுளித்து அழுதாள். சிஸ்டர் ஓடி வந்தபோது நிறம் திரும்பியிருந்தது. பெரிய டாக்டர் வந்து பார்த்து மருந்து தொடங்கினார். கருவி மாட்டி இரண்டு நாள் கண்காணித்தார்கள். மறுபடி அப்படி வரவில்லை.

அன்றைக்கு மதினி தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தினமும் காலையில் எடை போடுவார்கள். முதல் வாரம் இரண்டு பேரும் குறைந்தார்கள். பிறந்த பிள்ளை முதலில் இளைத்துத்தான் ஏறும் என்றார்கள். பிறகு பத்து கிராம், பதினைந்து, ஒரு நாள் முப்பது! எடை மெஷின் நம்பரைப் பார்க்கக் கட்டிலுக்குக் கட்டில் ஆட்கள் வந்துவிடுவார்கள். மூத்தவள் பத்தாம் நாளே மார்பில் வாய் வைத்து உறிஞ்சிவிட்டாள். இளையவளுக்கு வாய் வைக்கத் தெரியும். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடுவாள்.

பதினாறாம் நாள் காலை, என் நெஞ்சில் இருந்தபடியே தலையை அங்குமிங்கும் ஆட்டி வாயைச் சப்புக்கொட்டத் தொடங்கினாள். பால் தேடுகிறாள்! "ஐயோ, எங்கிட்ட ஒண்ணும் இல்லடி" என்று சேலையை அவிழ்த்து மதினியிடம் ஓடினேன். மதினி மார்பில் வைத்ததும் கப்பென்று கவ்விக்கொண்டாள். ஒரு இழுப்பு, இரண்டு, ஐந்து, பத்து. தொண்டையில் விழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. இருபது எண்ணினேன். கன்னம் குழியாமல், கண் திறந்து, மதினியைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

"குடிக்கிறா! சிஸ்டர், குடிக்கிறா!"

வார்டே எழுந்து வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி குலவை போட்டாள். "ஏ, இது ஆஸ்பத்திரி!" என்று அதட்டிக்கொண்டு வந்த சிஸ்டர் கிட்டே வந்து பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "போதும்மா, இனிப் பாலாடைக்கி வேல இல்ல" என்றார்.

இருபத்தோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கைகழுவிவிட்டுத் தூக்கு, ஒட்டியே வைத்திரு, மார்புக்கூடு உள்வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடம்பு சில்லிட்டாலோ உடனே கொண்டுவா, தடுப்பூசியைத் தவறவிடாதே. சிஸ்டர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.

அண்ணன் ஜீப்பைக் கழுவிக் கொண்டுவந்திருந்தான். மதினியும் நானும் நெஞ்சில் ஆளுக்கொரு பிள்ளையைக் கட்டியபடியே பின்னால் ஏறினோம். பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பறக்கிறவன், அன்றைக்கு நேர் ரோட்டில் மாட்டு வண்டி மாதிரி ஓட்டினான். வீரபாண்டி பக்கத்தில் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் எங்களைத் தாண்டிப் போனார். தாண்டிப் போனவர் திரும்பிப் பார்த்து, "வண்டில எதுவும் கோளாறாப்பா?" என்று கேட்டார்.

"இல்லங்கய்யா!" என்று அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான். "உள்ள ரெண்டு பேரு தூங்குறாக!"